ஸ்டீரிங் லூஸ்: ஒரு புகார், மூன்று வரலாறுகள்

“வேலை பார்க்குறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. இப்பதான் ஸ்டீரிங் லூஸா இருக்கு.”

பழைய கார் வைத்திருப்பவர் ஒர்க்‌ஷாப்பில் வந்து இப்படிச் சொன்னால், அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொழுது கெட்டது. முன்பக்க வேலை முழுசா முடிஞ்சிருக்கும். கிங் பின் மாத்தியாச்சு, புஷ் மாத்தியாச்சு, டை ராட் எண்டு புதுசு, கிரீஸும் அடிச்சாச்சு. பணம் கொடுத்தவருக்கு ஏமாந்துட்டோமோ என்று சந்தேகம். வேலை பார்த்தவருக்கு, புதுச் சாமான் போட்டும் இப்படி ஒரு பேச்சா என்று எரிச்சல். நடுவில் அந்த வண்டி கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலையில், லாரிக்குப் பக்கத்தில், கையில் நிற்காமல் அலைகிறது. கௌரவப் பிரச்சினையாகத் தொடங்குவது உயிர்ப் பிரச்சினையாக முடியக்கூடும்.

மதுரைப் பக்கத்துப் பழைய வண்டிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு சேர்த்து வருகிறேன். அதிலிருந்து எனக்குத் தெளிவான ஒன்று: ‘லூஸ்’ என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. வளையத்தைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சக்கரம் அசையாமல் வளையம் மட்டும் சுற்றினால் அது ஆட்டம்; மெக்கானிக்குகள் ‘ப்ளே’ என்பார்கள். வளையத்தில் ஆட்டமே இல்லை, ஆனாலும் வண்டி நேராக நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனால் அது அலைச்சல். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் வளையம் கையில் உதறினால் அது ‘வாப்ளிங்’. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. மூன்றும் கார் வரலாற்றின் மூன்று வேறு கட்டங்களில் வந்தவை. அந்தக் கட்டங்கள் தெரிந்துவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

தேர் திரும்புவது எப்படி?

மாட்டு வண்டிக்கு ஸ்டீரிங் கிடையாது, தேவையும் இல்லை. இரண்டே சக்கரம், மாடு திரும்பினால் வண்டி திரும்பும். ஜட்காவும் அப்படித்தான். சிக்கல் நாலு சக்கரத்தில்தான் ஆரம்பிக்கிறது. இதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி முக்கில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தேரின் அச்சு திரும்பாது. வடம் பிடிப்பவர்கள் இழுக்கும் திசை ஒன்று, சக்கரம் போக நினைக்கும் திசை இன்னொன்று. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தைத் தடுத்து மறுபக்கத்தை நகரவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள். சக்கரங்கள் தரையோடு உரசிக்கொண்டுதான் திரும்பும்.

ஐரோப்பாவின் நாலு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் நிறுத்தி, அப்படியே திருப்பினார்கள். அதற்கு வண்டிக்கு அடியில் நிறைய இடம் வேண்டும். கூர்மையாகத் திரும்பினால் வண்டி சாயும். 1810-களில் மியூனிக் நகரத்து வண்டி கட்டுநர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் வேறொரு வழி கண்டார். அச்சு அசையாமல் நிற்கட்டும், இரண்டு முனையிலும் சக்கரங்கள் தனித்தனி ஆணியில் திரும்பட்டும், இரண்டையும் ஒரு கம்பி இணைக்கட்டும் என்றார். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போக வேண்டும். இணைக்கும் கைகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அது ஏறக்குறைய அமைந்துவிடும். இதற்கு 1818-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மான். அவர் அங்கே புகழ்பெற்ற ஓவிய அச்சுப் பிரதிகள் விற்பவர், பதிப்பாளர். லாங்கென்ஸ்பெர்கருக்காக ஏஜென்டாக நின்றவர். பெயர் ஏஜென்டுக்கே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் அது ஆக்கர்மான் முறைதான்.

அந்தத் தனி ஆணிதான் நம்முடைய கிங் பின். அந்த இணைப்புக் கம்பிதான் டை ராடு. ஆட்டம் என்கிற நோயும் இங்கேதான் பிறந்தது. ஒரே ஆணி இருந்த இடத்தில் இப்போது பல மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் இடைவெளி. ஒரு சின்னக் கணக்கு: சக்கரத்தைத் திருப்பும் கை பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஸ்டீரிங் விகிதம் 15-க்கு 1, வளையம் 40 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். டை ராட் எண்டில் அரை மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தால் வளையத்தின் விளிம்பில் அது 12 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். இரண்டு மூன்று மூட்டு இப்படித் தேய்ந்தால் கணக்கு இரண்டு விரல் அகலத்தை எட்டிவிடும்.

நேராகப் போவது தனிப் பாடம்

லாங்கென்ஸ்பெர்கர் தீர்த்தது திரும்புகிற பிரச்சினையை மட்டும். நேராகப் போக வைப்பதைக் குதிரை பார்த்துக்கொண்டது. குதிரை போய் எஞ்சின் வந்ததும், ஓட்டுகிறவர் ஒவ்வொரு நொடியும் வண்டியை நேராகப் பிடிக்க வேண்டியதாயிற்று.

1896-ல் பிரெஞ்சுக்காரர் ஆர்தர் கிரெப்ஸ் இதற்கு ஒரு வழியைத் தன் காப்புரிமையில் எழுதினார். இவர் 1884-ல் சார்ல்ஸ் ரெனார்டுடன் சேர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த ‘லா பிரான்ஸ்’ ஆகாயக் கப்பலை ஓட்டிக் காட்டியவர். திருப்பு ஆணியைச் செங்குத்தாக வைக்காமல் மேல்முனையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டால், ஆணியின் கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். சக்கரம் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வரும். அதனால் தானாகவே நேராகும். இதுதான் காஸ்டர் கோணம். சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். சைக்கிளின் முன் ஃபோர்க்கும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது.

இந்தக் கோணம் குறைந்தால் வளையத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இல்லாவிட்டாலும் வண்டி அலையும். திருப்பத்தில் இருந்து வளையம் தானாகத் திரும்பி வராது. முன்சக்கரங்கள் முன்புறம் விரிந்து நிற்கிற ‘டோ அவுட்’ நிலையும் இதே உணர்வைத் தரும். ஓட்டுகிறவர் வாயில் இது எல்லாமே ‘லூஸ்’தான். மெக்கானிக் அந்தச் சொல்லை நம்பி ஒவ்வொரு மூட்டாக மாற்றிக்கொண்டே போனால் பில் ஏறும், வண்டி அலைவது நிற்காது.

உதறலும் ஜெனரல் மோட்டார்ஸும்

மூன்றாவது நோய் 1920-களில் வந்தது. காற்றழுத்தம் குறைந்த அகல டயரும் முன்சக்கர பிரேக்கும் அப்போதுதான் பரவின. இரண்டு முன்சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் இருந்ததால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சே சாயும். சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் பம்பரம் மாதிரி அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அது வளையத்துக்கு வரும், திரும்பப் போகும், மறுபடி வரும். அதுதான் உதறல். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் மாரிஸ் ஓலி இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுப்பதே தீர்வு என்று முடிவாகி, 1934 மாடல்களில் அது வந்தது.

மதுரைக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் ஓட்டத் தொடங்கியதும், பிறகு மதுரையை மையமாக்கிக்கொண்டதும் தெரிந்த கதை. அவருடைய நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் விற்றது. டி.வி.எஸ். பஸ் நேரத்தை வைத்துக் கடிகாரம் திருத்தலாம் என்ற பேச்சு இன்னும் பெரியவர்களிடம் இருக்கிறது. ரோட்டில் சிதறிக் கிடக்கும் லாட ஆணி டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை விட்டு ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பார்கள். வண்டிக் கோளாறை வண்டிக்குள் மட்டும் தேடாமல் ரோட்டிலும் தேடிய புத்தி அது. 1972-ல் அந்த பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. ஆனால் வண்டியைத் திட்டமிட்டுப் பராமரிக்கிற பழக்கம் ஊரில் தங்கிவிட்டது.

நாற்பது வருஷம், மூன்று கார்

1953-ல் வரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு, இந்தியாவில் வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இடமில்லாமல் போனது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சிய கார்கள் மூன்று வகை: உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட் (பிற்காலப் பத்மினி), நம்ம சென்னை வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆக, நம்மூர் மெக்கானிக் கற்றுக்கொள்ள வேண்டிய ஸ்டீரிங்கும் மூன்று வகை. மூன்றும் மூன்று விதமாக லூஸாகும்.

அம்பாசடரின் மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பார்க்க மாமா மாதிரி இருந்தாலும் அதற்குள் இருப்பது ரேக் அண்டு பினியன் ஸ்டீரிங். ஒரு பல்சக்கரம் சுழல, பல் வெட்டிய ஒரு நீளத் தண்டு இடமும் வலமும் நகரும். மூட்டுகள் குறைவு, ஆட்டமும் குறைவு. முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குத் தண்டு, அதாவது டார்ஷன் பார். அதை எந்தப் பல்லில் பூட்டுகிறோமோ அதைப் பொறுத்து வண்டி நிற்கும் உயரம் மாறும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் டோவும் மாறும். முன்பக்க வேலைக்குப் பிறகு அம்பாசடர் அலைந்தால் முதலில் இரண்டு பக்க உயரத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டியது இதனால்தான்.

1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, 1970-களில் பத்மினி என்று பெயர் மாறிய காரில் இருப்பது வார்ம் வகை ஸ்டீரிங் பாக்ஸ். திருகு மாதிரியான வார்ம் ஒரு பல்லுறுப்பைத் திருப்பும். அங்கிருந்து கைகளும் ராடுகளும் சக்கரத்துக்குப் போகும். இந்த வகை பாக்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு. பல்லின் பிடிப்பு நடுவில், அதாவது வண்டி நேராகப் போகும் இடத்தில், மிக இறுக்கமாக இருக்கும்படி வெட்டியிருப்பார்கள். ஓரங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். முன்பக்க வேலை முடிந்து அலைன்மென்ட் பார்க்கும்போது ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி அளவைச் சரி செய்கிறார்கள். வளையம் கோணலாக நிற்கிறது. சரி என்று வளையத்தைக் கழற்றி நேராக மாட்டிவிடுகிறார்கள். பார்க்க எல்லாம் ஒழுங்கு. ஆனால் உள்ளே வார்ம் நடுவில் இல்லை. வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் தன் ஓரத்தில், அந்த விட்ட இடைவெளியில் வேலை செய்கிறது. வேலைக்கு முன் இல்லாத ஆட்டம் வேலைக்குப் பின் வந்தது இப்படித்தான். பாக்ஸின் திருகை முறுக்கி அதை அடக்கப் பார்த்தால், திருப்பும்போது நடுவில் வந்து இறுகிப் பிடிக்கும். சரியான வழி: வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எண்ணிச் சுற்றி, சரிபாதியில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு டை ராடையும் சமமாக நீட்டிக் குறுக்கிச் சக்கரத்தை நேராக்குவது.

ஹெரால்டு 1961-ல் வந்தது. இதுவும் ரேக் அண்டு பினியன்தான். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், சந்து பொந்துக்கு அவ்வளவு தோது. ஆனால் அதற்கு இரண்டு பலவீனம். ஒன்று, ரேக்கைச் சட்டத்தில் பிடித்திருப்பது ரப்பர் வைத்த ‘யு’ கிளாம்ப். எண்ணெய் பட்டு ரப்பர் ஊறிப் போனால், வளையத்தைத் திருப்பும்போது முதலில் ரேக்கே பக்கவாட்டில் நகரும், பிறகுதான் சக்கரம் திரும்பும். மூட்டு எல்லாம் புதுசாக இருந்தும் ஆட்டம் போகாது. இரண்டாவது, சக்கரத்தைத் தாங்கும் தண்டு கீழே பித்தளை ட்ரனியனில் திருகு மரையாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் உத்தரவு. கையில் இருந்தது கிரீஸ் கன். எல்லா நிப்பிளுக்கும் அடிக்கிற மாதிரி இதற்கும் அடித்தார்கள். கிரீஸ் இறுகி வழி அடைத்து, தண்ணீர் தங்கி, தண்டு துருவேறி ஒருநாள் முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஹெரால்டில் ‘லூஸ்’ என்ற புகார் வந்தால் ட்ரனியனைப் பார்க்காமல் வண்டியை அனுப்பக் கூடாது.

இந்த மூன்றோடு, அரசு அலுவலகங்கள்தோறும் நின்ற மஹிந்திரா ஜீப்பையும் சேர்க்கலாம். அதில் ஓலி ஒழித்துக்கட்டிய அதே ஒற்றை அச்சு, பட்டை ஸ்பிரிங். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே காஸ்டர் கோணத்துக்காக ஆப்பு மாதிரி ஒரு தகடு வைப்பதுண்டு. பட்டை மாற்றும்போது அந்த ஆப்பைத் திருப்பி வைத்துவிட்டால் கோணம் தலைகீழாகும். வண்டி நேராகவே போகாது. தேரைத் திருப்பவும் ஆப்பு, ஜீப்பை நேராக்கவும் ஆப்பு!

புதுச் சாமான் போட்டும் ஏன்?

சாமான் மட்டமானது என்று சொல்லிவிடுவது சுலபம். சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் டை ராட் எண்டு போன்றவற்றுக்கு நாம் வெளியூர் பார்க்க வேண்டியதில்லை. 1929-ல் விற்பனை நிறுவனமாகச் சென்னையில் தொடங்கிய ரானே (மெட்ராஸ்) பிற்காலத்தில் ஸ்டீரிங் கியரும் இணைப்புகளும் செய்வதிலேயே பெயர் எடுத்தது. நல்ல சாமான் போட்ட பிறகும் புகார் வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், பழைய இறுக்கம் போய்விடுவது. காய்ந்த கிரீஸும் துருவும் பிடித்த கிங் பின் ஒரு பிரேக் மாதிரி உதறலையும் அலைச்சலையும் அமுக்கி வைத்திருக்கும். புது கிங் பின் லேசாகத் திரும்பும். அப்போதுதான் பாக்ஸில் பல வருஷமாக இருந்த ஆட்டம் கைக்குத் தெரிகிறது. வேலை புது நோயை உண்டாக்கவில்லை, பழையதைக் காட்டிக் கொடுத்தது. “முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு” என்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது, பூட்டாமல் விட்டது. கூம்பு வடிவில் உட்கார வேண்டிய டை ராட் எண்டின் தண்டில் பெயின்டோ அழுக்கோ இருந்தால் அது முழுசாக உட்காராது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் தளரும். ஸ்டீரிங் தண்டைப் பினியனோடு பிடிக்கும் கிளாம்ப் போல்ட், ரேக்கின் கிளாம்ப், பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட், வீல் பேரிங் நட்டு, ஸ்பிளிட் பின் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

மூன்றாவது, ரப்பர் புஷ்ஷை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிடுவது. வண்டியை இறக்கியதும் கை மேலே போகும். புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி வழக்கத்தைவிட உயரமாக நிற்கும், கோணங்கள் மாறும், புது புஷ் சீக்கிரமே கிழியும். கடைசி முறுக்கு எப்போதும் சக்கரம் தரையில், வண்டியின் பாரம் அதன் மேல் இருக்கும்போதுதான்.

நாலாவது, கோணமே மாறிவிடுவது. சில வண்டிகளில் கையின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை என்று குறிக்காமல் கழற்றிக் குவித்துவிட்டால் காஸ்டரும் கேம்பரும் குலுக்கல் சீட்டுதான்.

தேடும் வரிசை

முதலில் டயர். நாலிலும் காற்று சரியா, முன்னும் பின்னும் ஒரே வகை டயரா என்று பார்க்க வேண்டும். இந்தக் கார்கள் பழைய கிராஸ் ப்ளை நைலான் டயருக்காக வடிவமைக்கப்பட்டவை. முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் கலந்து போட்டால் வண்டியின் பின்பக்கம் வழுக்கிப் போகிற ஆபத்தும் உண்டு.

அடுத்து, வண்டி தரையில், எஞ்சின் அணைத்து, சக்கரம் நேராக. ஒருவர் உள்ளே உட்கார்ந்து வளையத்தை மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். கொஞ்சம் அசைத்தால் போதும். இன்னொருவர் வளையத்தில் தொடங்கிச் சக்கரம்வரை ஒவ்வொரு மூட்டாகக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மூட்டின் இந்தப் பக்கம் அசைவு இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை என்றால் ஆள் கிடைத்தாச்சு. கிடைத்ததும் நிற்கக் கூடாது. கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும், கூட்டாளிகள் இருக்கலாம். ரேக்கோ பாக்ஸோ தானே நகர்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வருகிறதா? வந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், ட்ரனியன், புஷ் பக்கம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் வந்தால் டை ராடு, ரேக், பாக்ஸ் பக்கம்.

இத்தனையிலும் ஆட்டம் கிடைக்கவில்லை, ஆனாலும் வண்டி அலைகிறது என்றால் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டு அளக்க ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பக்க உயரம், டோ, காஸ்டர், இந்த வரிசையில். டோவுக்கு கம்ப்யூட்டர் மெஷின் இல்லையென்றாலும் பரவாயில்லை. இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸ் குறி போட்டு, அச்சின் உயரத்தில் முன்னால் ஒருமுறை அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே குறிகளைப் பின்னால் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பின்சக்கரம் இழுக்கும் இந்தப் பழைய வண்டிகளில் பொதுவாக முன்னளவு ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக, அதாவது லேசான டோ இன் இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் மானுவலில் உண்டு. உதறல் மட்டும்தான் பிரச்சினை என்றால் சக்கர பேலன்ஸும் வளைந்த டிஸ்க்கும் முதல் சந்தேகம்.

சட்டம் எதை அளக்கிறது?

1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டீரிங் வளையத்தில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 40 சென்டிமீட்டர் வளையத்தில் 30 டிகிரி என்றால் விளிம்பில் பத்தரை சென்டிமீட்டர். பிரிட்டனின் வருடாந்திர வண்டிச் சோதனையில் ரேக் வண்டிக்கு 13 மில்லிமீட்டர், பாக்ஸ் வண்டிக்கு 75 மில்லிமீட்டர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் விதி எல்லா வண்டிக்கும் ஒரே கோடு. ரேக் வைத்த அம்பாசடரில் பத்து சென்டிமீட்டர் ஆட்டம் என்றால், சட்டப்படி பாஸ் ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று கழன்றுவிழத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், இந்த விதி அளப்பது முதல் நோயை மட்டும். அலைச்சலுக்கு அதில் அளவு இல்லை. ஏழாம் நம்பர் ரோடு என்று நாம் சொன்ன பழைய நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் புளியமரம், எதிரே மாட்டு வண்டி; ஐம்பதைத் தாண்டினால் பெரிய விஷயம். அந்த வேகத்தில் அலைச்சல் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். இப்போது அது 44-ம் நம்பர் நாலுவழிச் சாலை. எண்பதில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. பஸ் தாண்டும்போது அடிக்கும் காற்றுக்கு வண்டி இரண்டடி ஒதுங்கினால் அங்கே இன்னொரு வண்டி இருக்கும். 2014-ல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. அந்த வண்டிகள் தங்கள் காலத்தில் பார்க்காத வேகத்தை இப்போது பார்க்கின்றன.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப்பில் போய் ‘லூஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நின்ற வண்டியில் வளையம் எத்தனை விரல் ஆடுகிறது, எந்த வேகத்தில் அலைகிறது, திருப்பத்திலிருந்து வளையம் தானாகத் திரும்பி வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது மாறுகிறதா, என்ன என்ன சாமான் கழற்றிப் பூட்டினார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மெக்கானிக்குகளுக்கும் அதே வேண்டுகோள்தான்: முன்பக்கத்தில் கை வைக்கும் முன் வண்டிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வளையத்தின் ஆட்டத்தையும், இரண்டு பக்க உயரத்தையும், டோவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அஞ்சு நிமிஷ வேலை இருந்தால், “முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு” என்ற பேச்சுக்கு இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்தே பதில் தெரிந்துகொள்ளலாம்.